எச்ஐவி தொற்றும் குடல் பாதிப்புகளும்: ஒரு மாதத்தைத் தாண்டும் வயிற்றுப்போக்கு உணர்த்துவது என்ன?

எச்ஐவி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரத்தப் பரிசோதனையும் நுரையீரல் காசநோயும்தான். ஆனால், அந்த வைரஸ் உடலுக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே மிகப் பெரிய சேதத்தை விளைவிக்கும் உறுப்பு குடல். சிகிச்சை தொடங்கி, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பின்னரும் மிகத் தாமதமாகத் தேறும் உறுப்பும் அதுவே.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவி தொற்றுடன் வாழ்வதாக தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீடுகள் தெரிவிக்கின்றன. இவர்களில் உரிய மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வோருக்குக் கடுமையான குடல் நோய்கள் வருவது இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. தொற்று இருப்பதையே அறியாதவர்கள், சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள், நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களில் பலருக்கு நோயின் முதல் அறிகுறியே நிற்காத வயிற்றுப்போக்காக இருக்கிறது.

காரணம் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கை, எச்ஐவி நோயின் 4 நிலைகளில் மூன்றாவது நிலைக்கான அடையாளமாக உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. அத்துடன் உடல் எடையில் 10 சதவீதத்துக்கும் அதிகமான இழப்பும் சேர்ந்தால் அது நான்காவது நிலை, அதாவது எய்ட்ஸ். ஆயினும், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, உணவு சேரவில்லை என்று காரணம் கற்பித்துக்கொண்டு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மாதங்களைக் கடத்துவது இன்றும் பரவலாக உள்ளது. அந்தக் காலதாமதம் சிலருக்கு உயிரிழப்பில் முடிகிறது.

உகாண்டாவின் 'மெலியும் நோய்'

எச்ஐவிக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. 1980-களின் தொடக்கத்தில் உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள ராக்காய் மாவட்டத்தில், இளம் வயதினர் பலர் தீராத வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் எலும்பும் தோலுமாக மெலிந்து உயிரிழந்தனர். அங்குள்ள மக்கள் அதை 'மெலியும் நோய்' என்று அழைத்தனர். அந்த நோயாளிகளிடம் எய்ட்ஸ் வைரஸுக்கான சான்று காணப்படுவதை 1985-ஆம் ஆண்டு உகாண்டா மருத்துவர்களும் பிரிட்டன் ஆய்வாளர்களும் இணைந்து 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

அதற்கு ஓராண்டு முன்னதாக, நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் டொனால்ட் காட்லர் குழுவினர் மற்றொரு உண்மையைப் பதிவு செய்திருந்தனர். எய்ட்ஸ் நோயாளிகள் சிலரின் குடலில் எந்தக் கிருமியும் தென்படவில்லை. இருந்தும் குடலின் உட்சுவர் சிதைந்திருந்தது. உண்ட உணவின் சத்து உடலில் சேரவில்லை. பிற கிருமிகளின் துணையின்றி இந்த நோயே குடலைக் கெடுக்கிறது என்ற கருத்து அப்போதுதான் வலுப்பெறத் தொடங்கியது. இந்தப் பாதிப்பே 'எச்ஐவி குடல் நோய்' எனப்படுகிறது.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளின் மூலம் அது வெளிச்சத்துக்கு வந்தது. விலையில்லா கூட்டு மருந்து சிகிச்சை நாட்டில் தொடங்கியது 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி. இடைப்பட்ட 18 ஆண்டுகளில், மருந்தை விலை கொடுத்து வாங்க இயலாத நோயாளிகளுக்கு மருத்துவமனைகளால் வந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க முடிந்ததே தவிர, வைரஸைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வயிற்றுப்போக்கை ஒருமுறை நிறுத்தினால், சில வாரங்களில் அது திரும்பி வந்தது.

குடலை வைரஸ் தேர்ந்தெடுப்பது ஏன்?

குடல் என்பது உணவைச் செரிக்கும் குழாய் மட்டுமன்று. வாய் வழியாக அன்றாடம் உள்ளே செல்லும் எண்ணற்ற கிருமிகளைச் சந்திக்க வேண்டியிருப்பதால், உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரிலேயே நிலைகொண்டுள்ளது. எச்ஐவி தாக்குவது 'சிடி4' எனப்படும் வெள்ளை அணுக்களை. அவற்றிலும், முன்பே ஒரு கிருமியைச் சந்தித்து விழிப்பு நிலையில் உள்ள அணுக்களை அது எளிதில் பற்றிக்கொள்கிறது. அத்தகைய அணுக்கள் குடலில்தான் மிகுதி.

1998-ஆம் ஆண்டு குரங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வு இதை முதலில் தெளிவாகக் காட்டியது. எச்ஐவியை ஒத்த குரங்கு வைரஸ் செலுத்தப்பட்ட சில வாரங்களுக்குள், ரத்தத்தில் சிடி4 அணுக்கள் ஓரளவு இருக்கும்போதே குடலில் அவை பெருமளவு அழிந்திருந்தன. மனிதர்களிடமும் இதுவே நிகழ்வதை 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ரத்தப் பரிசோதனையில் சிடி4 எண்ணிக்கை திருப்திகரமாகத் தெரியும் ஆரம்பக் கட்டத்திலேயே குடலின் அரண் உடைந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

அரண் உடைந்தால் அடுத்து நிகழ்வது கசிவு. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சிதைந்த துணுக்குகள், பழுதடைந்த குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை எதிரி எனக் கருதி உடலின் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் விழிப்படையும் புதிய சிடி4 அணுக்கள் மீண்டும் வைரஸுக்கு இரையாகின்றன. 2006-ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு இந்தச் சுழற்சியை விளக்கியது. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு இதய நோய் போன்றவை மற்றவர்களைவிட அதிகம் ஏற்படுவதற்குக் கூட, குடலில் இருந்து தொடங்கும் இந்த நாள்பட்ட அழற்சி ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கூட்டு மருந்து சிகிச்சையால் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை உயர்ந்தாலும் குடலில் அது அதே வேகத்தில் மீள்வதில்லை. பலருக்கு முழுமையாக மீள்வதும் இல்லை. தொற்று ஏற்பட்டதும் எவ்வளவு விரைவில் மருந்து தொடங்கப்படுகிறதோ, அவ்வளவு குடல் காப்பாற்றப்படும். இந்தியாவில் சிடி4 அளவு எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை அளிக்கும் கொள்கை 2017-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் சிடி4 எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் வரை நோயாளிகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணத்தைச் சுட்டும் சிடி4 எண்ணிக்கை

எச்ஐவி தொற்றுள்ள ஒருவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது சிடி4 எண்ணிக்கையை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி4 அணுக்கள் உள்ளன என்பதைக் கொண்டு, எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

எண்ணிக்கை 200-க்கு மேல் இருந்தால், பிறரைத் தாக்கும் அதே கிருமிகளே பெரும்பாலும் காரணமாக இருக்கும்: சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்கள், சீதபேதியை உண்டாக்கும் அமீபா, ஜியார்டியா. இவற்றில் சால்மோனெல்லா மட்டும் தனிக் கவனத்துக்குரியது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் அது குடலோடு நிற்காமல் ரத்தத்தில் பரவி, சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வரக்கூடும். காசநோயோ எந்த எண்ணிக்கையிலும் வரலாம்.

எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கும்போது, உடல்நலம் உள்ளவர்களிடம் சில நாள்களில் தானே அடங்கிவிடும் ஒட்டுண்ணிகள் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. 50-க்குக் கீழே சென்றால் சைட்டோமெகலோ வைரஸ், காசநோய்க் கிருமியின் உறவான 'ஏவியம்' வகை மைக்கோபாக்டீரியா ஆகியவை வெளிப்படுகின்றன. ஒருவரிடமே இரண்டு, மூன்று கிருமிகள் ஒரே நேரத்தில் இருப்பதும் அரிதன்று. ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பது இத்துறையின் பாலபாடம்.

நுண்ணோக்கியில் தெரியும் சிவப்புப் புள்ளிகள்

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் கூடு 4 முதல் 6 மைக்ரான் அளவே கொண்டது. ரத்தச் சிவப்பணுவைவிடவும் சிறியது. அசுத்தமான நீரின் வழியே பரவும் இது, சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. எதிர்ப்பாற்றல் உள்ளவர்களுக்கு ஓரிரு வாரங்களில் குணமாகிவிடும். சிடி4 மிகக் குறைந்தவர்களுக்கோ ஒரு நாளில் பல லிட்டர் நீர் வெளியேறும் அளவுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படலாம். பித்தக் குழாயையும் இது தாக்குவதால் வலது மேல்வயிற்றில் வலி தோன்றுவதுண்டு.

குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் குளோரின் இந்த ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. இதன் விளைவை உலகம் உணர்ந்தது 1993-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில். சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டும் அமைப்பைத் தாண்டி ஒட்டுண்ணி குடிநீரில் கலந்ததால், சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். உயிரிழந்தவர்களில் பெரும்பாலானோர் எய்ட்ஸ் நோயாளிகள். கூட்டு மருந்து சிகிச்சை அறிமுகமாவதற்கு முந்தைய காலம் அது. சிடி4 குறைந்தவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருக வேண்டும் என்று இன்றும் அறிவுறுத்தப்படுவதற்கு இந்த ஒட்டுண்ணியும் ஒரு முக்கியக் காரணம். நீர் நன்கு கொதித்து ஒரு நிமிடம் கடந்தாலே இது அழிந்துவிடும்.

கிரிப்டோஸ்போரிடியத்துக்கு எதிராக நம்பகமான மருந்து இல்லை. நிட்டாசாக்ஸனைடு என்ற மருந்து மற்றவர்களுக்குப் பயனளித்தாலும், எதிர்ப்பாற்றல் குன்றிய எச்ஐவி நோயாளிகளிடம் அதன் பலன் குறைவு. இதற்கு உண்மையான சிகிச்சை, கூட்டு மருந்தால் சிடி4 எண்ணிக்கையை உயர்த்துவதே. எண்ணிக்கை 100-ஐத் தாண்டும்போது பலருக்கு வயிற்றுப்போக்கு தானாகவே நின்றுவிடுகிறது.

சிஸ்டோஐசோஸ்போரா என்னும் மற்றொரு ஒட்டுண்ணியின் கதை நேர் எதிரானது. நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றுதான். இந்தியாவில் எச்ஐவி நோயாளிகளின் நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆனால் அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் கிடைக்கும், விலை மலிவான கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்கு இது கட்டுப்படும். மாதக்கணக்கில் அவதிப்பட்டவர் சில நாள்களில் தேறிவிடுவார். மீண்டும் வரும் இயல்பு இதற்கு உண்டு என்பதால், சிடி4 உயரும் வரை குறைந்த அளவில் அதே மாத்திரை தொடரப்படும்.

ஆக, இரண்டில் எது என்பதைக் கண்டறிவது மிக அவசியம். இங்குதான் சிக்கல் எழுகிறது. வழக்கமான மலப் பரிசோதனையில் இவை எளிதில் புலப்படுவதில்லை. திருத்தப்பட்ட அமில நிலைச் சாயமேற்றும் முறையில் பரிசோதித்தால், நீலம் அல்லது பச்சைப் பின்னணியில் சிவந்த கூடுகளாக அவை தெரியும்: கிரிப்டோஸ்போரிடியம் சிறு வட்டமாக, சிஸ்டோஐசோஸ்போரா அதைவிடப் பல மடங்கு பெரிய நீள்வட்டமாக. செலவு குறைந்த பரிசோதனைதான். ஆயினும் மருத்துவர் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டால் மட்டுமே ஆய்வகங்கள் பலவற்றில் இது செய்யப்படும். நோயாளிக்கு எச்ஐவி இருப்பது ஆய்வகத்துக்கோ, சில நேரங்களில் மருத்துவருக்கோ தெரியாதபோது, 'மலத்தில் கிருமி இல்லை' என்ற முடிவு வந்து சேர்கிறது. ஒட்டுண்ணி நாள்தோறும் வெளியேறுவதில்லை என்பதால், வெவ்வேறு நாள்களில் 3 மாதிரிகளைத் தருவது நல்லது.

மைக்ரோஸ்போரிடியா எனப்படும் இன்னும் சிறிய உயிரி, ஒன்றிரண்டு மைக்ரான் அளவே உடையது. அதற்குத் தனிச் சாயம் தேவை. அதன் ஒரு வகை அல்பென்டசோல் மருந்துக்குக் கட்டுப்படும். அதிகம் காணப்படும் மற்றொரு வகை கட்டுப்படாது.

குடல் காசநோய்: இந்தியாவின் தனிக் கவலை

மேலை நாடுகளின் பாடநூல்களில் எச்ஐவி நோயாளியின் குடல் பாதிப்பு பற்றிய பகுதிகளில் காசநோய்க்குச் சில வரிகளே ஒதுக்கப்படுகின்றன. இந்தியாவில் அது முதல் வரிசையில் நிற்க வேண்டிய நோய். உலகிலேயே அதிகக் காசநோயாளிகளைக் கொண்ட நாடு இந்தியா. எச்ஐவி தொற்றுள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களிலும் காசநோயே முன்னணியில் உள்ளது. எதிர்ப்பாற்றல் குறையக் குறைய, நுரையீரலைத் தாண்டி உடலின் பிற பகுதிகளுக்கு அது பரவும் வாய்ப்பு கூடுகிறது.

வயிற்றில் காசநோய் பெரிதும் நாடும் இடம், சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் வலது அடிவயிற்றுப் பகுதி. அங்கு புண் உண்டாகி, ஆறும்போது தழும்பாகி, குடல் சுருங்குகிறது. மாலை நேரக் காய்ச்சல், எடைக் குறைவு, சாப்பிட்டதும் வயிற்றைப் பிசைவது போன்ற வலி, வயிறு உப்புதல், சில நாள் வயிற்றுப்போக்கும் சில நாள் மலச்சிக்கலும் மாறி மாறி வருதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றறையின் உறையைத் தாக்கினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். சுருக்கம் முற்றினால் குடல் அடைத்துக்கொள்ளும். அரிதாகக் குடலில் துளை விழும். இவ்விரண்டும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலைகள்.

இதை உறுதி செய்வது எளிதன்று. சளியில் கிருமியைத் தேடுவதுபோல் குடலில் தேட முடியாது. கொலோனோஸ்கோபி மூலம் திசு எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி தென்படாமல் போகலாம். குடலைப் பாதிக்கும் கிரோன் நோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தைக் கொண்டது. இந்தக் குழப்பம் ஆபத்தானது: கிரோன் நோய் எனக் கருதி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால், காசநோய் கட்டுக்கடங்காமல் பரவும். குடல் புண்ணுக்குக் காரணம் தேடும்போது எச்ஐவி பரிசோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதன் அவசியம் இதுதான்.

காசநோயும் எச்ஐவியும் சேர்ந்திருப்பவர்களுக்கு இரண்டு மருந்துகளையும் தொடங்கும் வரிசை முக்கியமானது. முதலில் காசநோய் மருந்து. மூளைக்காய்ச்சல் வடிவிலான காசநோய் இல்லாதபட்சத்தில், 2 வாரங்களுக்குள் கூட்டு மருந்து என்பது உலக சுகாதார அமைப்பு 2021-ஆம் ஆண்டு அளித்த வழிகாட்டுதல். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கூட்டு மருந்தில் உள்ள டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். எனவே அந்தக் காலகட்டத்தில் 12 மணி நேர இடைவெளியில் 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் கூடுதலாக ஒருவேளை வழங்கப்படுகிறது. இரண்டையும் வெவ்வேறு இடங்களில் பெறும் நோயாளி, ஒன்றைப் பற்றி மற்ற இடத்தில் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கூடுதல் வேளை விடுபட்டுப் போகும்.

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், தேறி வந்தவருக்குத் திடீரெனக் காய்ச்சலும் வயிற்று வலியும் அதிகரிப்பதுண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணிப் பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், வலுப்பெற்ற எதிர்ப்பு மண்டலம் அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த கிருமியுடன் போரிடத் தொடங்குவதன் விளைவு அது. பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே இதைச் சமாளிக்க முடியும். ஆனால், மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டியது கட்டாயம்.

ரத்தம் கலந்த மலம்

சைட்டோமெகலோ வைரஸ் இந்தியாவில் பெரியவர்கள் மிகப் பெரும்பாலோரின் உடலில் ஓசையின்றி உறைந்திருக்கிறது. சிடி4 எண்ணிக்கை 50-க்குக் கீழே செல்லும்போது அது விழித்தெழுந்து பெருங்குடலில் ஆழமான புண்களை உண்டாக்குகிறது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கடும் வயிற்று வலி ஆகியவை அறிகுறிகள். புண் ஆழமாகிக் குடலில் துளை விழும் அபாயமும் உண்டு. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. புண்ணில் இருந்து எடுக்கும் திசுவே நோயை உறுதி செய்யும். கான்சிக்ளோவிர், வால்கான்சிக்ளோவிர் ஆகிய மருந்துகள் பலன் தரும். இதே வைரஸ் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கக் கூடியது என்பதால், குடலில் இது கண்டறியப்பட்டவருக்குக் கண் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும்.

மூலம் என்று நினைத்து மறைக்கும் நோய்கள்

ஆசனவாயில் வலி, கட்டி, ரத்தக் கசிவு எதுவாயினும் 'மூலம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. எச்ஐவி தொற்றுள்ளவர்களிடம் அது ஹெர்பிஸ் புண்ணாகவோ, சீழ்க்கட்டியாகவோ, பவுத்திரமாகவோ, பால்வினைத் தொற்றாகவோ இருக்கலாம். எச்பிவி வைரஸால் உண்டாகும் மருக்களும், அவற்றின் தொடர்ச்சியாக ஏற்படக்கூடிய ஆசனவாய்ப் புற்றுநோயும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களுக்கு அபாயம் மிகுதி என்றாலும், எச்ஐவி தொற்றுள்ள பெண்களும் பிற ஆண்களும் விதிவிலக்கல்ல.

புற்றுநோயாக மாறக்கூடிய திசு மாற்றங்களை முன்கூட்டியே கண்டறிந்து அகற்றினால், புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 57 சதவீதம் குறைவதாக, எச்ஐவி தொற்றுள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2022-ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வு ஒன்று நிரூபித்தது. அதற்கான கருவிகளும் பயிற்சியும் இந்தியாவில் ஒரு சில இடங்களிலேயே உள்ளன. எனினும், விரலால் தொட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அதற்கும் தடையாக நிற்பது கூச்சம். நோயாளியின் கூச்சம் மட்டுமன்று.

மருந்தே காரணமாகும்போது

கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, சிடி4 எண்ணிக்கையும் உயர்ந்துள்ள ஒருவருக்கு வயிற்றுப்போக்கு தொடர்ந்தால், அரிய கிருமிகளைத் தேடுவதற்கு முன் மருந்துப் பட்டியலைப் பார்ப்பது நலம். இரண்டாம் கட்ட சிகிச்சையில் நீண்ட காலம் பயன்பட்ட லோபினாவிர்-ரிட்டோனாவிர் வயிற்றுப்போக்குக்குப் பெயர்போனது. தென் அமெரிக்க மரம் ஒன்றின் சிவந்த பிசினில் இருந்து தயாரிக்கப்படும் குரோஃபெலெமர் என்ற மருந்துக்கு 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது, கூட்டு மருந்து உட்கொள்வோரின் கிருமித் தொற்று அல்லாத வயிற்றுப்போக்குக்காகவே.

இந்தியாவில் தற்போது பெரும்பாலோருக்கு வழங்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரையைக் குடல் பொதுவாக நன்கு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவை டொலுடெக்ராவிர் ரத்தத்தில் உயர்த்தும். மெட்ஃபார்மினே வயிற்றுப்போக்கை உண்டாக்கக் கூடியது என்பதால், இரண்டையும் உட்கொள்வோர் மெட்ஃபார்மின் அளவு குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும். அடுத்தது, நெஞ்செரிச்சலுக்கும் செரிமானக் கோளாறுக்கும் கடைகளில் வாங்கிக் குடிக்கப்படும் அமில முறிவு மருந்துகள். அவற்றில் உள்ள மெக்னீசியமும் அலுமினியமும் டொலுடெக்ராவிருடன் ஒட்டிக்கொண்டு, அது உடலில் சேராமல் தடுத்துவிடும். கூட்டு மருந்தை உட்கொண்டு 2 மணி நேரத்துக்குப் பிறகோ, அல்லது கூட்டு மருந்துக்கு 6 மணி நேரம் முன்பாகவோதான் அமில முறிவு மருந்தைக் குடிக்க வேண்டும். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து விழுங்குபவர், தம்மையறியாமல் வைரஸுக்கு எதிரான மருந்தை வீணாக்குகிறார்.

வயது ஏறிய நோயாளிகளிடம் பெருங்குடல் புற்றுநோய், எரிச்சல் குடல் நோய், பால் செரியாமை போன்ற, எச்ஐவியுடன் தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் எச்ஐவியின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறுதான்.

சிகிச்சையின் அடிப்படைகள்

காரணம் எதுவாயினும் முதலில் உயிரைக் காப்பது நீரிழப்பைத் தடுப்பது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரைத்துப் பருக வேண்டும். நாவறட்சி, சிறுநீர் குறைதல், எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவை நீரிழப்பு கடுமையாவதன் அறிகுறிகள். உணவை நிறுத்தக் கூடாது. கஞ்சி, இட்லி, வாழைப்பழம், வேகவைத்த முட்டை போன்றவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் லோபராமைடு போன்ற மாத்திரைகளை, மலத்தில் ரத்தம் இருக்கும்போதோ காய்ச்சல் இருக்கும்போதோ மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்வது ஆபத்து.

சிடி4 எண்ணிக்கை 350-க்குக் கீழே உள்ளவர்களுக்கு, நோய் வருமுன் காக்கும் பொருட்டு நாள்தோறும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை வழங்குவது இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல்களில் உள்ளது. நுரையீரல் அழற்சியைத் தடுப்பது அதன் முதன்மை நோக்கம் என்றாலும், சிஸ்டோஐசோஸ்போரா உள்ளிட்ட சில குடல் தொற்றுகளில் இருந்தும் அது பாதுகாக்கிறது. 'இது வெறும் சத்து மாத்திரை' என்று கருதிக் கைவிடுவோர் இதை அறிந்திருப்பதில்லை.

மலத்தில் ரத்தம், தொடர் காய்ச்சல், வாயு கூடப் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தல், வயிறு பலகைபோல் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை இல்லாவிட்டாலும், 4 வாரங்களைக் கடந்த வயிற்றுப்போக்கு உள்ள எவரும், தமக்கு எச்ஐவி இருக்க வாய்ப்பில்லை என்று உறுதியாக நம்பினாலும்கூட, ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில் இது இலவசம். முடிவு ரகசியமாகவே வைக்கப்படும்.

கொலோனோஸ்கோபி செய்ய வேண்டிய நோயாளியை எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதும், நாள் தள்ளிப்போடுவதும் சட்டவிரோதம். உள்நோக்கிக் கருவியை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஒரே முறையில்தான் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். எச்ஐவி நோயாளிக்கெனத் தனி நடைமுறை ஏதும் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சிகிச்சை மறுப்பை வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றி அவரது தொற்று நிலையைப் பிறரிடம் வெளியிடுவதையும் அது தடுக்கிறது. மாநிலங்களில் அமர்த்தப்படும் குறைதீர்ப்பாளரிடம் இதுபற்றிப் புகார் அளிக்கலாம். பரிசோதனை மையம், கூட்டு மருந்து சிகிச்சை மையம் ஆகியவற்றின் விவரங்களை 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் கூறாமலே கேட்டறியலாம்.